திங்கட்கிழமைத் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் நடந்தது இது. இடம், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஒரு சின்ன ஆறு.

சேலத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. அந்த ஆற்றில் பாறைகளுக்கு நடுவே நல்ல மடு ஒன்று உண்டு. அதில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாம், மீன்குஞ்சும் விடலாம் என்று பக்கத்துப் பள்ளிக்கூடம் நினைத்தது. குளிக்க ஏற்றதா, மீன் பிழைக்குமா என்று எழுதிக் கொடுக்க வேண்டியது நான். நான் எழுதித் தந்தால் அடுத்த வாரமே பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்.

என் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் தேறிவிட்டால் நாள் முழுக்கத் தேறும். அதனால் ஞாயிற்றுக்கிழமையே மலையேறி, ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, திங்கள் காலை ஆறு மணிக்கெல்லாம் ஆற்றில் நின்றேன். வழி காட்ட எஸ்டேட் ரைட்டர் கூட வந்திருந்தார். தோட்டத்துக் கணக்கும் ஆள் வருகையும் பார்ப்பவர் அவர்.

ஸ்வெட்டருக்குள்ளும் பல் கிடுகிடுத்தது. அந்தக் குளிரில் நாலைந்து பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பவர்கள். சோப்பு நுரை நேராக மடுவுக்குத்தான் போனது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க, நேத்து முழுக்க லீவுதானே? நல்லா இழுத்துப் போத்தித் தூங்கிட்டு, இன்னைக்கு வந்து ஆத்த அழுக்காக்குறீங்களே?" என்றேன். ரைட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பெண்கள் மூட்டையை மடுவுக்குக் கீழே இருந்த கல்லுக்கு நகர்த்திக்கொண்டார்கள்.

மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் எண்கள் அத்தனையும் அருமை. கிருமிச் சோதனைக்கு ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்தேன். கடைசியாக ஆற்றுக் கற்களைப் புரட்டி, அடியில் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பயிற்சிக்கு வருபவர்களிடம் அதைப் படித்துப் படித்துச் சொல்பவளே நான்தான். ஆனால் விரல் விறைத்துப் போயிருந்தது, எண்களும் நன்றாக இருந்தன. விட்டுவிட்டேன்.

ரைட்டர் ஜீப்பைத் திருப்பப் போனார். அப்போது ஒரு பெண் துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஏனுங்க மேடம், எம்புள்ள அந்த ஸ்கூல்லதானுங்க படிக்குது. போன வருசம் பறிப்பப்போ இதுல எறங்கிட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு நொம்பக் கஷ்டப்பட்டுதுங்க. புதங்கெழம ஒருக்கா வந்து பாத்துட்டு எழுதுங்க. நாஞ்சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அவர் குனிந்து துவைக்க ஆரம்பித்துவிட்டார்.

சேலம் வந்து அறிக்கையை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்தப் பெண் எனக்கே பாடம் எடுக்கிறாரா என்ற எரிச்சல் ஒரு பக்கம். புரட்டாத கல் மறுபக்கம். புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ் பிடித்துப் போனேன்.

ஆறு இருந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கலங்கிப் பழுப்பாக ஓடியது. இட்லி மாவு நாலு நாள் புளித்த நாற்றம். துவைக்கும் கல் ஒன்றிலும் ஆள் இல்லை. மீட்டரில் ஆக்ஸிஜன் திங்களன்று இருந்ததில் பாதிகூட இல்லை. இந்த முறை கல்லைப் புரட்டினேன். சுத்தமான ஓடையில் கல்லுக்கடியில் மூன்று வால் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே நெளிந்ததெல்லாம் சிவப்புப் புழு, சாக்கடையிலும் பிழைக்கிற ஜாதி. திங்களன்றும் அவை அங்கேதான் இருந்திருக்கும். ஒரே ஒரு கல்லைப் புரட்டியிருந்தால் போதும்.

பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்த அதே பெண்ணைத் தோட்டத்துப் பாதையில் பார்த்தேன். சுற்றிலும் யாரும் இல்லாததால் கொஞ்சம் தாராளமாகவே பேசினார்.

"காப்பிப் பழத்தத் தோலுரிச்சு ஊறப் போட்டு, மக்யா நாளு கழுவுவாங்க. அந்தத் தண்ணி பூராவும் இதுலதானுங்க உடுறாங்க. சனிக்கெழம பறிச்சத ஞாயித்துக்கெழம கழுவுறாங்க. ஞாயித்துக்கெழம பறிப்பு இல்ல, அதனால திங்கக்கெழம சாயங்காலம் மறுக்காத் தோலுரிக்கிற வரைக்குந்தான் தண்ணி தண்ணியா இருக்கும். எட்டு மணிக்கு வேலைக்குப் போவோணும். அதானுங்க இருட்டோட வந்து தொவைக்கிறோம்."

எனக்கு வெட்கமாகிப் போனது. லீவு நாளில் தூங்கிவிட்டு வந்தவர்கள் என்று நான் கேலி செய்தது இவர்களைத்தான். "மன்னிச்சுக்கங்க" என்றேன். "அட, அதுக்கென்னங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

அறிக்கையில் இரண்டு நாள் எண்களையும் பக்கம் பக்கமாகப் போட்டேன். பறிப்புக் காலத்தில் இந்த மடு குளிக்கவும் ஆகாது, மீனுக்கும் ஆகாது என்று எழுதினேன். இரண்டாம் முறை ஏன் போனாய் என்று மேலதிகாரி கேட்டார். முதல் முறை கல்லைப் புரட்டாமல் வந்துவிட்டேன் சார் என்றேன். அதில் பொய் இல்லையே! நீச்சல் வகுப்பு நின்றது. கழுவிய தண்ணீரை ஆற்றில் விடாமல் குழி வெட்டித் தேக்கும்படி எஸ்டேட்டுக்கு உத்தரவு போனது. முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினார்களாம்.

போன தை மாதம் மறுபடியும் சோதனைக்குப் போனேன். இந்த முறை புதன்கிழமை போய் அடுத்த திங்கள் வரை தங்கினேன். பட்டது போதாதா? தினமும் அளந்தேன், தினமும் கல்லைப் புரட்டினேன். புதன்கிழமைத் தண்ணீரிலேயே மூன்று வால் பூச்சி கல்லுக்கடியில் ஓடி ஒளிந்தது. ஞாயிறு மதியம் வெயிலில் பாறையெல்லாம் சேலையும் பாவாடையும் காய்ந்தன.

திங்கள் விடியற்காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் நின்றேன். அதே குளிர். துவைக்கும் கல் ஒன்றில்கூட ஆள் இல்லை. மீட்டரைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்த ஆற்றுக்குப் போனாலும், இங்கே என்ன கிழமையில் துவைப்பீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். ஆனால் ஆள் இல்லாத அந்தத் திங்கள் காலையை நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு நிறைவாக இருப்பது வேறொன்று: நான் கேலியாகச் சொன்னதுபோலவே, அந்தப் பெண் அந்த நேரம் நன்றாக இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.