நான்கு பலகைகளின் நிறம்

நாங்கள் அம்பத்தூரில் குடியிருந்த மாடி அறையின் தரையில் முப்பத்தேழு மரப்பலகைகள். அவற்றில் நான்கைக் கரையான் தின்றது. எனக்கென்று வந்து சேர்ந்த கரையான்! யுத்தத்தில் குண்டு விழும் என்று பயந்து பட்டணத்து ஜனங்களெல்லாம் அங்கே வீடு தேடி அலைந்த சமயம் அது.

வீட்டுக்காரர் புதுப்பலகை நான்கை அடித்துவிட்டு, "வார்னிஷ் உன் பொறுப்பு, வாத்தியாரே. எது பழசு, எது புதுசுன்னு என் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஊட்டைக் காலி பண்ணு. பத்து பேரு கேட்டுகினு கீறாங்க" என்றார். பூவிருந்தவல்லியில் ஒரு துரையின் பங்களாவை இடித்தபோது வீட்டுக்காரரின் தகப்பனார் ஏலத்தில் எடுத்த தரை அது. அதன்மேல் இருந்த பாசம் எங்கள்மேல் இல்லை.

மேனாம்பேட்டிலிருந்து வார்னிஷ்காரர் வந்தார். பக்கத்துக் களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். "ஜன்னலைத் தொறக்காதே சார், ஈரத்துல பதரு வந்து குந்திக்கும்" என்று மூன்று ஜன்னலையும் சாத்தினார். அரக்கையும் ஸ்பிரிட்டையும் கொட்டாங்குச்சியில் கலந்து, காவி சேர்த்து, துண்டுப்பலகையில் பூசிக் காயவிட்டுப் பார்த்தோம். ஒன்று வெளிறியது, அடுத்தது கறுத்தது. ஈரத்தில் ஒத்துப்போனது காய்ந்ததும் மாறியது. பதினொரு துண்டுகள் வீண்.

"இன்னும் கொஞ்சம் காவி" என்றேன்.

"இதுக்கு மேல போட்டா கோயில் மதிலு மாதிரி ஆயிடும், சார்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் தரைக்குப் பொண்ணு பாக்கிறீங்களா? பதினொரு பொண்ணை வேணான்னுட்டீங்களே!"

பன்னிரண்டாவது பொருந்தியது. குனிந்து பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன், வித்தியாசமே இல்லை. நான்கு பலகைக்கும் பூசி முடித்தோம்.

வீட்டுக்காரர் வந்து, குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "எதுய்யா புதுசு?" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஸ்பிரிட் நாத்தம் தாங்கல" என்று ஒரு ஜன்னலை அவரே திறந்தார்.

நான்கு பலகைகளும் பழுத்த மாம்பழம்போல் பளிச்சென்று தெரிந்தன.

விளக்கொளி வெளியே தெரியக் கூடாது என்ற உத்தரவுக்காக ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். பன்னிரண்டு துண்டுகளையும் அந்தப் பழுப்பு வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறோம். காகிதத்தை ஒட்டியவன் நான். ஜன்னலைச் சாத்தியவர் வார்னிஷ்காரர். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"மூடிப் பாரு அண்ணாத்தே, சரியாத்தானே கீது?" என்றார் வார்னிஷ்காரர், கொஞ்சமும் அசராமல்.

வீட்டுக்காரர் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சிரித்துவிட்டார். "சரி, இருந்துட்டுப் போ வாத்தியாரே. ஆனா நான் வரும்போது ஜன்னல் மூடியே இருக்கணும். தொறந்து கீறதைப் பார்த்தேன், அன்னிக்கே காலி."

அவர் எப்போது வருவார் என்று சொல்லிவிட்டா வருவார்? யுத்தம் முடிந்து தெருவில் எல்லோரும் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். நாங்கள் மட்டும் பசை காய்ச்சி, கிழிந்த இடங்களில் புதுக் காகிதம் ஒட்டினோம். சித்திரை வெயிலில் மூன்று ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஆளுக்கொரு விசிறியோடு உட்கார்ந்திருந்தோம்.