முக்காலிக்கு ஒரு புகழ்ப்பா

எங்கள் அலுவலக லிப்ட்காரர் இருபத்திரண்டு வருடமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் தினமும் எட்டு மணி நேரம். "உலகத்துலயே அதிகமாப் பயணம் பண்ணி எங்கயுமே போய்ச் சேராத ஆளு நான்தான் தம்பி" என்பார். முழங்கால் தேய்ந்துவிட்டது. கோப்பு அறையில் ஓர் இடம் காலியானதும் மாற்றல் கேட்டு மனுப் போட்டார். அங்கே ஜன்னல் உண்டு. மனு மேலாளர் மேசையில் கிடந்தது.

மதிய இடைவேளையில், லிப்ட்காரரையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர் புதுக்கவிதை எழுதுவோம். குடை, செருப்பு, தண்ணீர்க் குழாய் என்று கண்ணில் படும் ஏதாவதொன்றைப் புகழ வேண்டும். ஒருவர் எழுதியதை மற்ற ஐந்து பேரும் குதறுவோம். மாதக் கடைசியில் தேறியதை மேலாளர் அறையில் வாசிப்போம். லிப்ட்காரரால் கூட்டத்துக்கு வர முடியாது, லிப்ட் ஓட வேண்டுமே. அதனால் அவர் கவிதையை மட்டும் லிப்டுக்குள்ளேயே, மாடிக்கு ஒரு வரியாக அலசினோம்.

முக்காலியைப் பற்றி எழுதியிருந்தார். முதல் பிரதியில் முக்காலியைவிட முழங்கால்தான் அதிகம் இருந்தது.

"இது புகழ்ப்பாவா, புகார் மனுவா?" என்றார் கணக்குப் பிரிவு அக்கா. "ஜன்னல் வர்ற இடத்தை எடுத்துடுங்க."

வலியை வெட்டச் சொன்னவன் நான். அடுத்தவர் கவிதை என்றால் எனக்குக் கை பரபரக்கும். "அண்ணே, முக்காலிய விட்டுப் பிரிய மனசில்லன்னு முடிங்க. அப்பத்தான் நிக்கும்."

"பொய்யாச்சே தம்பி."

"கவிதைதானே அண்ணே!"

ஐந்தாவது பிரதி அபாரம். மாதக் கடைசியில் நான்தான் வாசித்தேன். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக லிப்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடி ஏறிக்கொண்டேன்.

"உங்க மனுவுல இன்னைக்குக் கையெழுத்துப் போடறதா இருந்தேன்" என்றார் லிப்ட்காரரிடம். "இவ்வளவு பாசம் வெச்சிருக்கிறவரை எப்படிங்க பிரிக்கிறது? ஏதோ அவசரத்துல கேட்டுட்டீங்க. அந்த இடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

லிப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் நான்காவது மாடி வந்துவிட்டது. மேலாளர் அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். கதவு மூடிக்கொண்டது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அண்ணே, நான் போய்ச் சொல்லிடறேன். அது நாங்க சொல்லி எழுதுனது, உங்க மனசுல அப்படி இல்லன்னு."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இருபத்திரண்டு வருசத்துல நான் சொன்ன ஒண்ண ஒருத்தர் நம்புனது இன்னைக்குத்தான் தம்பி. அதையும் பொய்யின்னு போய்ச் சொல்லப் போறீங்களா?"