கையில் கொடுத்த தாடை

தானே புயல் அடித்த வருடம் அது. ஆடி மாதத்திலேயே என் இடது தாடை வீங்கித் தெரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகக் கடலூரில் பஸ் ஏறுவேன். புற்று இல்லை, ஆனால் எலும்பை உள்ளிருந்தே தின்னும் கட்டி என்றார் டாக்டரம்மா. அந்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டுத் தகடு வைக்க வேண்டும். இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். உயிர்ப் பயம் இல்லை. கோணல் வாயோடு நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது என்பதுதான். அதை டாக்டரம்மாவிடம் கேட்கவும் கூச்சம்.

அடுத்த முறை போனபோது, அவர் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வெள்ளையாக ஒரு தாடையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது உங்களோடதும்மா."

என் வீட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எப்பம்மா எடுத்தீங்க? இவ வாயிலதான இருக்குது!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எடுக்கலண்ணா. ஸ்கேன் படத்த சென்னைக்கு அனுப்பினோம். அங்க ஒரு மெஷின் பவுடர மெல்லிசா பரப்பி, வேணுங்கிற எடத்த மட்டும் இறுக வச்சு, அதுமேல அடுத்த அடுக்கு போடும். அப்படியே அடுக்கி அடுக்கி எழுப்பினது."

"என் மீன்பிடிப் படகு மோட்டாருக்கு ஒரு பார்ட்டு கெடைக்கவே மாட்டேங்குது. அதையும் போடுமா?"

நான் முந்தானைக்குள்ளிருந்து பார்த்தேன். "இந்தப் பக்கம் வீங்கலியே?"

"உங்க நல்ல பக்கத்த கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டு, இடது பக்கமா ஆக்கினோம். தகட்ட இதுமேல வச்சு வளைச்சுதான் உங்களுக்கு வைப்போம்."

கையில் கொடுத்தார். கனமே இல்லை. விளிம்பில் அந்த அடுக்குகள் நகத்தில் வரிவரியாகத் தட்டுப்பட்டன. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தடவினேன். ஒன்றுபோலவே இருந்தது. அன்றே சம்மதம் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகு அந்த வெள்ளைத் தாடையைக் கேட்டு வாங்கி வந்தேன். கீழுதடு ஒரு பக்கம் மரத்துத்தான் கிடந்தது. ஆனால் முகம் நேராக இருந்தது.

"எலும்ப எவளாச்சும் வூட்டுல வைப்பாளா? குடுறி, கடல்ல வுட்டுட்டு வரேன்" என்று வாசலில் மறித்தார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"எலும்பு இல்ல மாமா, பவுடரு. வழிய வுடு." முந்தானை தோளில்தான் கிடந்தது.

மறு வருடம் பரிசோதனைக்குப் போனேன். இனிமேல் தகட்டையே அந்த மெஷின் நேராகச் செய்துவிடும், பிற்காலத்தில் எலும்பையே வளர்க்கலாம் என்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. "இதுமேல வச்சு வளைக்கிற வேலையே இருக்காதும்மா."

நல்லதுதான் என்று பட்டது. எழுந்தவள் நின்றேன்.

"அப்பவும் இப்படி ஒண்ணு செஞ்சு கையில குடுத்துடுங்கம்மா."

"எதுக்கு?"

"காய்ச்சல்னு சொல்றவங்க அப்பவும் இருப்பாங்க."