முதல் டோக்கன்

“இன்னா சார், எத்தினி பக்கம் முடிச்சீங்க? இல்ல, புக்கு டிவி மேலயே குந்திக்கினு கீதா?”

மறுமுனையில் இருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஜோதிலட்சுமியின் நாவலைப் போன வாரம்தான் வாங்கினார். முதுகுவலி, பேத்தியின் பரீட்சை என்று ஏதேதோ சொல்லி இழுக்கிறார். ஜோதிலட்சுமி விடுவதாக இல்லை. “செரி, இன்னிக்கி ரெண்டு பக்கம் படிங்க. புதன்கெழம மறுபடி கூப்புடுவேன்” என்று பாதி மிரட்டலாகவும் பாதி அன்பாகவும் சொல்லிவிட்டு அடுத்த எண்ணைத் தட்டுகிறார். புத்தகம் விற்றதோடு எழுத்தாளரின் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. படித்து முடித்தவர்தான் இன்னும் நாலு பேரிடம் சொல்வார் என்பது அவர் நம்பிக்கை. அவர் பெயர் போனில் தெரிந்தாலே எடுக்காமல் ஒளிகிறவர்களும் உண்டு என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிழைப்பு, அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் கையில் நாவலைத் திணித்து, “சும்மா குந்திக்கினு இருக்காம நாலு பக்கம் பாருங்கம்மா” என்பார். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். திரும்பி வந்தால் புத்தகம் மேசை இழுப்பறைக்குள் போயிருக்கும். மீதியைப் படிக்க வேண்டுமானால் வாங்கத்தான் வேண்டும். ஓசிப் பிரதி என்ற பேச்சே கிடையாது, டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில், கோட்டூர்புரம் நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நடுவே. அவர்கள் தலைநிமிராமல் படிக்கும்போது பாதியில் எழுந்து போக வெட்கமாக இருக்கிறதாம். எழுதுவதற்காக வேலையை விட்டுவிடலாமா என்று யோசனை கேட்டு வருபவர்களுக்கு ஒரே பதில்தான்: “வுட்றாத கண்ணு. வேலைய வுட்டா அடுத்த புக்க நீ எழுத மாட்ட, உன் வூட்டு வாடகைதான் எழுதும்.”

இத்தனை பேரை விரட்டிப் பிடிக்கிறவர், ஒரே ஒருவருக்கு மட்டும் போன் செய்யாமல் இருந்தார். சொந்த அக்கா தேவானைக்கு. நம்பரை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார்.

காரணம் ஏழாம் அத்தியாயம். இவர்கள் குடியிருந்த ஆற்றோர வீடுகளை இடிக்க வந்தபோது, மாற்று வீட்டுக்கான டோக்கனை யாரும் வாங்கக் கூடாது என்று அந்த வரிசை முழுக்கக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தது. ஒருத்தி மட்டும் யாருக்கும் தெரியாமல் போய் வாங்கிவிட்டாள். ஒரு டோக்கன் போய்விட்டது என்ற சேதி பரவியதும் கட்டுப்பாடு உடைந்தது; ஆளாளுக்கு டோக்கன் வாங்கிச் சாமான்களோடு லாரி ஏறினார்கள். வாங்கியவள் யார் என்று வரிசைக்குத் தெரியாது. ஜோதிலட்சுமிக்குத் தெரியும். தேவானையின் கைக்குழந்தைக்கு அப்போது இழுப்பு. தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டியிருந்தது. நாவலில் பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், குழந்தையின் இழுப்பை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

தேவானை இன்று ஊருக்கு வெளியே, அந்த டோக்கனுக்குக் கிடைத்த அடுக்குமாடியில், அதே வரிசைக்காரர்களுக்கு நடுவேதான் இருக்கிறார். தண்ணீர் லாரி வந்தால் அவர்களோடுதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எழுதுவதற்கு முன் ஜோதிலட்சுமி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாசகர் கூட்டத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பிய அழைப்புக்கும் நீல டிக் மட்டும்தான் வந்தது.

கூட்டம் போன சனிக்கிழமை, தி.நகரில் ஒரு சின்ன அரங்கில். விஷயம் தெரிந்த பதிப்பாளர் பரத்வாஜ் படிக்கட்டிலேயே நிறுத்தி, “உண்மைக் கதையான்னு யாராவது கேப்பா. ஆமாம், எங்க அக்காதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. வீடியோ எடுத்துண்டு அப்படியே போட்டுடறேன். இது வித்தாத்தான் அடுத்த நாவலை அச்சுக்கு அனுப்ப முடியும்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வீட்டுப் படுக்கையறையில் பாதி இடம் விற்காத பெட்டிகளுக்குத்தான். ஜோதிலட்சுமி தலையாட்டினார். அடுத்த நாவலைப் பாதிக்கு மேல் எழுதிவிட்டிருந்தார்.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. தேவானை. கூடவே பக்கத்து வீட்டு சீதா. அன்றைக்குச் சத்தியத்துக்குக் கற்பூரம் ஏற்றியவர் இந்தச் சீதாதான். “அந்தத் துரோகி மட்டும் என் கையில கெடச்சா” என்று இன்றும் தண்ணீர் வரிசையில் கறுவுகிறவர். இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். தேவானையின் மடியில் நாவல், பள்ளிக்கூடப் புத்தகம்போலப் பேப்பர் அட்டை போட்டு, முகப்புப் படம் தெரியாமல். உள்ளேயிருந்து ஒரு பஸ் டிக்கெட்டின் நுனி எட்டிப் பார்த்தது. எவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்று அடையாளம் செருகிய இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவருக்கு, அது ஏழாம் அத்தியாயம் என்று மேடையிலிருந்தே தெரிந்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். “அந்த முதல் டோக்கன் வாங்கினவங்க, நெஜமாவே இருக்காங்களா மேடம்?”

பரத்வாஜ் போனை உயர்த்திப் பிடித்தார். சீதா நாற்காலி நுனிக்கு வந்தார். தேவானை தலை குனிந்தே இருந்தார். ஜோதிலட்சுமி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“இல்லீங்க. கதைதான். அப்டி ஒருத்தி கெடையாது, நானா கட்னது.”

பரத்வாஜ் போனை இறக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சீதா நாற்காலியில் சாய்ந்து, “பாத்தியா, இதுகூட பொய்யி” என்று தேவானையிடம் முணுமுணுத்தார்.

தேவானை பேப்பர் அட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, டிக்கெட் இருந்த பக்கத்தைப் பிரித்து, புத்தகத்தைச் சீதாவின் மடியில் வைத்தார்.