கச்சி என்றால் வைக்கோல்

அண்ணாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்; எப்படியும் பதின்மூன்றாம் நாள் பந்தியில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து, மலையாளத்திலேயே படித்து, ஐம்பதைத் தாண்டிய எனக்கு, தெற்கே கொல்லம் பக்கத்தில் வைக்கோலைக் ‘கச்சி’ என்பார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவில் கச்சி என்றால், தலைமுறைகளுக்கு முன் கட்ச் தேசத்திலிருந்து வந்து கடை வைத்த சேட்டுக் குடும்பங்கள்தான். இந்த அறியாமையால் அண்ணாவின் வியாபாரம் முளையிலேயே கருகப் பார்த்தது.

அண்ணா பிறந்ததும் மட்டாஞ்சேரியில்தான். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், பள்ளி முடித்த கையோடு வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். அதன் பலனை மேலே பார்த்தீர்கள். கிடங்கை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அந்தச் சமயம் எங்கள் மலையாளச் சீமையின் கிழக்குக் கோடியில், சித்தூரில் ஒரு கல்யாணம். பக்கத்து வயலில் வைக்கோலுக்குத் தீ வைத்திருந்தார்கள். ஹோமப் புகை எது, வயல் புகை எது என்று தெரியாமல் எல்லோரும் இருமினோம். நான் இலைக்கு ஓடினேன். அண்ணா வயலுக்குப் போனார். மெஷின் அறுத்துப் போட்டதை அள்ள ஆளில்லை, அடுத்த உழவுக்கு நிலம் வேண்டும், வேறென்ன செய்வது என்று வயல்காரர் வேலுச்சாமி கேட்டாராம்.

“இனிமே பத்த வைக்காதேங்கோ. நான் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தார் அண்ணா. யாருக்கு விற்பது என்று அவருக்கே தெரியாது.

முதல் லோடு வந்து இறங்கியது. மெஷினில் நசுங்கியதை மாடு தொடாது என்றார்கள் பால்காரர்கள். பழம்பொருள் கடைக்காரர்கள் கண்ணாடி விளக்குகளைப் பொதிய இரண்டு கட்டு வாங்கினார்கள். தோப்பும்படி ஐஸ் ஆலையில் உமியே போதும் என்றார்கள். அடிக்கட்டுகள் ஈரத்தில் சூடேறின. உள்ளே கையை விட்டால் கஞ்சிப் பானைபோல் இருந்தது. மேல்கட்டுகளும் வீணானால் வேலுச்சாமி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அண்ணாவின் கவலை.

ஒருநாள் காலை போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். மணி அடித்தது. கொல்லத்துக்காரர் ஒருவர், கச்சி உண்டோ என்றார். இந்தத் தெருவிலேயே இருபது வீடு இருக்கிறது என்றேன். நனைந்ததா, காய்ந்ததா என்றார். மணி ஏழாகிறது, எல்லோரும் குளித்திருப்பார்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அண்ணா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

“டேய், அவன் கேட்டது வைக்கோல்டா.”

அதற்கு மேல் திட்டவில்லை. திரும்ப அழைத்துப் பார்த்தார்; ஆனால் கொல்லத்துக்காரர் எங்கள் நம்பரை எடுக்கவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுச் சேட்டின் போனிலிருந்து பேசினார். இப்படியாக, கச்சிக்காரர் போனில் அண்ணாவின் கச்சி முதன்முதலாக மொத்தத்தில் விற்றது. வாங்கியவர் வைக்கோலில் காளான் வளர்ப்பவர். அவர் சொல்லிக் களமசேரியிலும் காளான்காரர்கள் கிடைத்தார்கள். சூடேறிக் கறுத்த கட்டுகளை வாழைத்தோட்டத்துக்காரர்கள் மண் காயாமலிருக்க வாழையடியில் மூடாக்குப் போட எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு கட்டிலும் கையைவிட்டுப் பார்த்துத்தான் அண்ணா லாரியில் ஏற்றுவார். ஈரம் இருந்தால் மொட்டைமாடியில் காயவைப்பார். அதனால் மன்னியின் அப்பளத்துக்கு இடமில்லாமல் போய், வீட்டில் அவ்வப்போது பேச்சுவார்த்தை நின்றதுண்டு. சித்தூரில் அந்த வயல்களில் பிறகு தீ வைக்கவில்லை.

கடைசியில் மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள், சித்தூரில் அறுப்பு ஆரம்பித்தாச்சா என்று கேட்டார். விசாரிக்காமலே ஆச்சு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

அவரை ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்மார்களுக்கும், காரியங்கள் முடியும்வரை கடையைத் திறக்காமல் எங்களோடு இருந்த சேட்டுக் குடும்பத்தாருக்கும், கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்த லோடிங் தொழிலாளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சொல்லாமல் விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டலாம், பழக்கம்தான்.

நேற்று வேலுச்சாமிக்குப் போன் செய்தேன். அறுப்பு நிஜமாகவே முடிந்து, வைக்கோல் வயலில் கிடக்கிறதாம். இனிமேல் நான்தான் எடுக்கப்போகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது, லாரிக்கு இன்னும் சொல்லவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நீளமாகப் பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“வெள்ளிக்கெழம வரைக்கும் பத்த வெக்க மாட்டேன், சாமி.”