இடது கண்ணில் வளைந்த கோடு

காலையில் தேநீர் குடித்ததும் ஐஸ்பெட்டிக் கதவின் முன்னால் போய் நிற்பேன். கட்டம் போட்ட ஒரு தாள் அங்கே ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளி. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் அந்தப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கோடுகள் நேராக இருந்தால் நிம்மதி. பிறகு அடுத்த கண். வயதானதால் விழித்திரையின் மையம் தேயத் தொடங்கியிருக்கிறது என்று கண் டாக்டர் சொன்ன நாளிலிருந்து இதுதான் வழக்கம். "கோடு வளைஞ்சா அன்னைக்கே வாங்க, தள்ளிப் போடாதீங்க" என்று அவர் சொல்லியிருந்தார்.

தாளை என் கண் உயரத்துக்கு ஒட்டிவைத்தவள் மருமகள். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. ஆகவே வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அந்த வாரம் அவளைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்ப இருந்தார்கள். அவள் விமானம் ஏறியதே இல்லை. லிட்டில் இந்தியாவில் அலைந்து ஸ்வெட்டர் கிடைக்காமல், கடைசியில் ஏதோ மாலில் வாங்கிவந்தாள். வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுப் பார்த்து, வியர்த்து, சிரித்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். புள்ளிக்குப் பக்கத்தில் கோடுகள் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

அடுப்படிக்குள் வந்தவள், "கட்டம் பாத்தீங்களா அத்தை?" என்றாள்.

"பாத்தேன்மா."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அவள் போய்வரட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அதே நிமிடம், மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் வேத வாசகம் வாசிக்கும்போது எழுத்துகளின் நடுவில் ஓட்டை விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அவள் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். உண்மையை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன்.

"எந்தக் கண்ணு?"

"இடது."

ஈரத் தலையோடு கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், விழித்திரைக்கு அடியில் நீர் கசிகிறது என்றார். அன்றே கண்ணுக்குள் ஊசி போட்டார். மாதாமாதம் போட வேண்டும், முதல் சில வாரம் பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது என்றார். மருமகள் வராந்தாவுக்குப் போய் மேனேஜரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பச் சொல்வது எனக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் ஒரே ஜாம். கட்டுப் போட்ட கண்ணோடு அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ போயிருக்கணும்மா. நான் சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்திருந்தா, திரும்பி வந்து உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" கோபமாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குதுலா. சூலியா தெருவுல நாசி கண்டார் சோறு வாங்கிட்டுப் போலாமா?" என்றாள்.

கண் தப்பியது. நெளிவு முழுக்கப் போகவில்லை. ஆனால் படிக்க முடிகிறது. சீக்கிரம் வந்ததால் பிழைத்தது என்றார் டாக்டர். அவளுக்குப் பதில் ஜப்பான் போன சீனப் பெண்தான் இப்போது அவளுக்கு சூப்பர்வைசர். பயத்தங்காய் நறுக்கிக்கொண்டே மருமகள் ஒருநாள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். "நல்ல பொண்ணுதான் அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு இருந்தது. கோவிலில் வாசித்துவிட்டு இறங்கும்போதெல்லாம் மருமகள் பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்துப் புன்னகைப்பாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

நான் சொன்னது தவறா என்று பல நாள் யோசித்தேன். சொன்னதில் தவறில்லை. அன்று கிளினிக்கில் டாக்டர், அவள், நான் என்று மூன்று பேரும் பேசினோம். என் மகனைக் கூப்பிடலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெற்ற எனக்கே தோன்றவில்லை. அவள் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். அதுதான் உறுத்தியது.

மகனுக்குப் போன் செய்தேன்.

"அடுத்த ஊசிக்கு நீ வரணும்."

"லீவு கெடைக்காதும்மா."

"கேட்டியா?"

வேலை அதிகம் என்று ஆரம்பித்தான்.

"கேட்டுட்டுச் சொல்லு. அவளும் கேட்டுத்தான் லீவு எடுக்கிறா."

இரவு பஸ் பிடித்து வந்தான். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். மருமகள் அன்று வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தாள். இப்போது ஊசிக்கு இருவரும் மாறிமாறி வருகிறார்கள்.

அடுத்த பயிற்சி எப்போது என்று அவளிடம் கேட்டேன். "இன்னும் ஒண்ணும் சொல்லல அத்தை" என்றாள். வந்தால் போவாயா என்று கேட்க வாயெடுத்தேன். என்னை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, சும்மா இருந்துவிட்டேன்.