மல்லாட்டைக் கரியும் புனிதா அக்காவும்

செய்தி வந்தபோது நான் திருக்கனூரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை உடைக்கும் மில்லின் வாசலில் நின்றிருந்தேன். தோல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மில்லின் இரைச்சலில் போனில் பேசியது எதுவும் கேட்கவில்லை. சாலைப் பக்கம் வந்து ஒரு காதைப் பொத்திக்கொண்ட பிறகுதான் புனிதா அக்காவின் தம்பி குரல் தெளிந்தது. "அக்கா காலையில போயிடுச்சும்மா. உனக்கு நானே சொல்லணும்னு தோணிச்சு." திரும்பி வந்தபோது மில்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூட்டைய எறக்கிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம், ஏற்றுங்கள் என்றேன்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் உடன் வேலை செய்தவர்கள், அவருடைய குப்பத்து உறவினர்கள், மடுகரைப் பக்கம் நாங்கள் கரித் தொட்டி வைத்த சிற்றூரின் மக்கள் என்று நீங்கள் பல திசைகளில் இருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு உடம்பில் தங்காமல் அப்படியே வெளியேறுகிறது. அது சாக்கடைக்கும் குளத்துக்கும் போய், கடைசியில் நிலத்தடி நீரிலும் கலக்கிறது. அளவு மிகக் குறைவு. நிறமில்லை, நாற்றமில்லை, கொதிக்க வைத்தாலும் பெரும்பாலானவை போவதில்லை. அந்த மருந்துகளை மல்லாட்டைத் தோலைக் கரியாக்கிப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. காற்றுப் புகாமல் சுட்ட கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது மருந்து துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலையில் சேர்ந்த வாரம் புனிதா அக்கா இதைச் சொன்ன விதம் வேறு. "கரிய வடிகட்டின்னு நெனைக்காதடி. அது சாயங்காலம் வில்லியனூர்ல நிக்கிற பஸ்சு. சீட்டு இருக்கிற வரைக்கும் ஏத்தும். அப்புறம் ஏறுறவன் ஏற்கெனவே ஒக்காந்திருக்கிறவனத் தள்ளிவுட்டுட்டுத்தான் ஒக்காருவான்." அவர் அப்போதே பத்தாண்டுக்கு மேல் வேதியியல் ஆய்வில் இருந்தவர். பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில், மீன் விற்கும் தாய்க்குப் பிறந்து, முனைவர் பட்டம் வரை வந்தவர். அடுப்பில் தோல் சூடேறத் தொடங்கும்போது வறுத்த கடலை வாசனை எழும். உடனே அக்காவுக்குப் பசிக்கும். மதியச் சாப்பாடு பதினொரு மணிக்கே முடிந்துவிடும்.

மடுகரைப் பக்கத்துச் சிற்றூரில் பொதுக்குழாயோடு கரித் தொட்டியை இணைத்தோம். குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, எவ்வளவு நாளில் கரியை மாற்ற வேண்டும் என்று அக்காதான் முடிவு செய்தார். நிலத்தடி நீரில் எப்போதும் இருந்த சேற்று வாடையும் கரியால் போய்விட்டதால் தண்ணீர் மக்களுக்குப் பிடித்துப்போனது. மாற்றும் நாள் வருவதற்கு முன், வழக்கமான பரிசோதனைக்காக மாதிரி எடுத்து வந்தோம். இயந்திரத்தில் வந்த முடிவை இரண்டு முறை சரிபார்த்தோம். தொட்டிக்குள் போகும் நீரில் இருந்ததைவிட வெளியே வரும் நீரில் வலி மாத்திரை அதிகமாக இருந்தது. இடம் தீர்ந்துபோன கரி, பிடித்து வைத்திருந்ததையும் விட்டுக்கொண்டிருந்தது.

கரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னார். யாருக்கும் உடனடித் தீங்கு வரும் அளவில்லை, ஊரைப் பயமுறுத்தினால் தொட்டியையே கழற்றச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கவலை. அதில் நியாயம் இருந்தது. அக்கா விவாதிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "நீ வர்றியா, நான் மட்டும் போகட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். அக்கா முதலில் குழாயை மூடினார். பிறகு பரிசோதனை முடிவைச் சொன்னார். கூட்டத்தில் வயதில் மூத்தவரான ராணியம்மா, "அப்போ இவ்ளோ நாளா இன்னாத்த குடிச்சோம்?" என்று கேட்டார்.

"மொதல்ல நல்ல தண்ணி. கடைசியா கொஞ்ச நாளு, பழைய தண்ணியவிட மோசமான தண்ணி."

"படிச்சவங்க வெச்சதுன்னு நம்பித்தானே புடிச்சோம்?"

"ஆமா."

கணக்கு எங்கே தவறியது என்று அக்கா கேட்டபோதுதான் பின்னாலிருந்த ஒரு பெண் தயங்கிச் சொன்னாள். ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருக்கிறார்கள். ஊரிலேயே நல்ல தண்ணீர் எதுவோ அதில்தானே அம்மனுக்குக் காய்ச்ச வேண்டும்? கூழுக்கும், கோயிலைக் கழுவிவிடவும், வந்த உறவுக்காரர்களுக்கும் எல்லாத் தண்ணீரையும் கரித் தொட்டி வழியாகவே பிடித்திருக்கிறார்கள். அண்டா அண்டாவாகப் போயிருக்கிறது.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க குப்பத்துலயும் ஆடின்னா கூழுதான். நானே அண்டா தூக்குனவ. கணக்குப் போடும்போது ஆடி வரும்னு எனக்கே தோணல பாருங்க. தப்பு உங்களுது இல்ல, என்னுது."

ராணியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தப்புன்னு சொல்றதுக்கு பஸ்சு புடிச்சு வந்த மொத ஆளு நீதாம்மா. ஒக்காரு, மோர் குடிச்சிட்டுப் போ."

"எந்தத் தண்ணி ஊத்துன மோரு?" என்றார் அக்கா. ராணியம்மாவே முதலில் சிரித்தார். எல்லோரும் சிரித்துவிடவில்லை. இரண்டு வீட்டார் இன்றுவரை அந்தக் குழாய்க்கு வருவதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் கரியை மாற்றுவது என்று முடிவானது. யாரும் நினைவூட்டாமலே எல்லோருக்கும் தெரிந்த நாள் அது. வீடு கழுவும் நாளும் அதுதான். ஆடியில் மட்டும் கூழ் ஊற்றிய மறுநாளும் மாற்றிவிடுவார்கள். பிடித்த மருந்தைச் சுட்டுப் போக்க, பழைய கரி மறுபடியும் எங்கள் சூளைக்கே வந்துவிடும்.

அதற்கு அடுத்த ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பாகூரில் தம்பி வீட்டில் இருந்தபடி மாத்திரை எடுத்துக்கொண்டார். கடுமையான மருந்து. நான் முதன்முறை பார்க்கப் போனபோது அவர் தம்பி வாசலிலேயே முறையிட்டார்: "பாரும்மா, எழுந்து நிக்கத் தெம்பில்ல, வூட்டையே லேபு ஆக்கிடுச்சு." வீட்டின் கழிவுநீர் கால்வாயில் சேரும் இடத்தில் ஒரு நீல டிரம், அதற்குள் எங்கள் மல்லாட்டைக் கரி. தான் விழுங்கும் மருந்து தெருவோரக் கால்வாய் வழியாகக் குளத்துக்குப் போகக் கூடாது என்று அக்கா வைத்தது.

"அந்த மாத்திரை மேல கோவமா அக்கா?" என்று கேட்டேன். "ச்சீ, அதுமேல இன்னா கோவம்? எனக்கு அது வேணும்டி. குளத்துக்குத்தான் வேணாம்" என்றார்.

டிரம்முக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை நான்தான் பரிசோதித்தேன். அந்த மருந்து தண்ணீரோடு மிகவும் ஒத்துப்போகிற வகை. கரியில் ஒட்டவில்லை. உள்ளே போன அளவே ஏறக்குறைய வெளியேயும் வந்தது. தோலை வேறு சூட்டில் சுட்டுப் பார்த்தேன், அப்போதும் அப்படியே. அதற்குள் அக்கா படுக்கையாகிவிட்டார். முடிவைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. பாகூர் பஸ்ஸில் உட்கார்ந்து, ஓரளவு பிடித்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று யோசித்தேன். அவருக்கு இனி அதைச் சரிபார்க்க வழியில்லை. அந்த டிரம் ஒன்றுதான் அவர் அப்போது செய்துகொண்டிருந்த வேலை.

அறைக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்தார். "புடிக்கலையா?"

"புடிக்கல அக்கா. கொஞ்சங்கூட."

கண்ணை மூடிக்கொண்டார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். "அப்பாடா" என்றார். "ஆஸ்பத்திரில டாக்டர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் 'நல்லா இருக்கீங்க'ன்னே சொல்றாங்கடி. ரிசல்ட்ட ரிசல்ட்டா சொல்ல நீ ஒருத்தியாவது இருக்கிறியே." சற்றுப் பொறுத்து, "சவுக்குக் காய சுட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. அடுத்த வாரம் சுட்டேன். அதுவும் பிடிக்கவில்லை. அதையும் போய்ச் சொன்னேன். அப்போது அவரால் அதிகம் பேச முடியவில்லை. விரலால் 'வேற?' என்று சைகை செய்தார்.

அந்த மருந்தைப் பிடிக்கும் கரி இன்றுவரை எங்களிடம் இல்லை. நாளை ஒருவேளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். 'பிடித்தது' என்பதைச் சொல்லும் அதே குரலில் 'பிடிக்கவில்லை' என்பதையும், அது யாருக்காக இருந்தாலும், நேரில் போய்ச் சொல்வது. அன்று பாகூர் பஸ்ஸில் எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. அடுத்த முறையும் தோன்றும். உள்ளதைப் போய்ச் சொல்வேன்.